வீட்டுக்குள் வளரும் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர்: எப்போது, எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு தர முடியாது. தந்தால் அது யாருக்கோ பொருந்தும், உங்கள் செடிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே கொடியிலிருந்து வெட்டி வைத்த இரண்டு மணி பிளான்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை ஒட்டிச் சுடுமண் தொட்டியில் இருப்பது 4 நாளில் காய்ந்துவிடலாம். அறையின் உள்மூலையில் பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பது இரண்டு வாரம் ஆனாலும் ஈரமாகவே இருக்கலாம்.

செடி எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்பதை முதலில் தீர்மானிப்பது வெளிச்சம். வெளிச்சம் கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும், இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாவதும் கூடும். வெப்பம், மின்விசிறி அல்லது ஏசியின் காற்று, காற்றில் உள்ள ஈரப்பதம், தொட்டியின் அளவு, மண் கலவை, வேர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பவை எல்லாம் அதற்கு அடுத்துத்தான். மேகமூட்டமான வாரங்களிலும் பகல் குறுகிய மாதங்களிலும் அதே செடிக்கு அதே தண்ணீர் இரு மடங்கு நாள் வரும். பல செடிகள் அழுகுவது இந்த மாதங்களில்தான். வெளிச்சம் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது, கை மட்டும் பழக்கப்படி ஊற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் நாள்காட்டியே வேண்டாமா? வேண்டும், ஆனால் பார்ப்பதற்கு. 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை எல்லாத் தொட்டிகளையும் தொட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவதா வேண்டாமா என்பதை அன்று மண் இருக்கும் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மண் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேல் மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் வெளுத்துப்போய் இருக்கும்போதே கீழே பாதித் தொட்டி சொதசொதவென்று இருக்கலாம். விரலை இரண்டாவது கணு வரை உள்ளே விட்டுப் பாருங்கள். அது கிட்டத்தட்ட 5 செமீ ஆழம். விரலில் கலவை ஒட்டிக்கொண்டு குளிர்ச்சியாக இருந்தால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்து விழுந்தால் அந்த ஆழம் வரை காய்ந்துவிட்டது.

20 செமீக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு விரல் போதாது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடி வரை செருகி, 10 நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி எந்த உயரம் வரை நிறம் மாறியிருக்கிறதோ, தொட்டியில் அதுவரை ஈரம் இருக்கிறது. தண்டை ஒட்டிச் செருகினால் வேர்கள் குத்துப்படும், கிழங்குள்ள செடியென்றால் கிழங்கும் குத்துப்படும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது எடை. நன்றாக ஊற்றி, வடிந்து முடிந்ததும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். செடி இலேசாகத் தளரத் தொடங்கும் நேரத்தில் மீண்டும் தூக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை மூன்று நான்கு தடவையிலேயே கற்றுக்கொள்ளும். துல்லியம் வேண்டுமென்றால் சமையலறைத் தராசில் வைக்கலாம். எடுத்துக்காட்டாக, ஊற்றி வடிந்ததும் 1,350 கிராம், தளரும்போது 800 கிராம் என்றால், அந்தத் தொட்டியில் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் 550 கிராம், அதாவது 550 மிலி. மணி பிளான்ட் போன்ற செடிக்கு இதில் பாதிக்குச் சற்று அதிகமாகத் தீர்ந்ததும், அதாவது தராசு 1,050 கிராமுக்குக் கீழே இறங்கியதும் ஊற்றலாம். 1,350, 1,050 என்ற இந்த இரண்டு எண்களையும் ஒரு சிறு துண்டில் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டால், வீட்டில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். செடி வளர வளர எடையும் கூடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்களைத் திருத்த வேண்டும்.

எந்தச் செடியை எவ்வளவு காயவிட வேண்டும்?

முழுக்கக் காயவிட வேண்டியவை: ஸ்னேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட், கற்றாழை, ஜேட், கள்ளி வகைகள். இவை இலையிலோ தண்டிலோ கிழங்கிலோ தண்ணீரைச் சேமித்து வைத்திருப்பவை. தொட்டி அடிவரை காய்ந்த பிறகும் சில நாள் பொறுக்கலாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஸ்னேக் பிளான்ட் ஒரு மாதத்துக்கு மேலும் தண்ணீர் இல்லாமல் நன்றாகவே இருக்கும். ஜேட் செடியின் இலையை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் வேண்டாம், மெத்தென்று சுருக்கம் விழுந்திருந்தால் ஊற்றலாம்.

மேல்பாதி காயவிட வேண்டியவை: மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, ரப்பர் செடி, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட். சிறு தொட்டியில் 3 முதல் 5 செமீ, பெரிய தொட்டியில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்தால் போதும். வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெயர் தெரியாத செடி வந்தால் முதலில் இப்படி நடத்திப் பாருங்கள்.

மேலே 1 முதல் 2 செமீ காய்ந்ததும் ஊற்ற வேண்டியவை: பெரணிகள், கலேத்தியா, ஃபிட்டோனியா, பீஸ் லில்லி. பெரணியை ஒருமுறை முழுக்கக் காயவிட்டால் காய்ந்த இலைகள் திரும்ப உயிர் பெறாது. அவற்றை வெட்டிவிட்டுப் புதுத் துளிருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பீஸ் லில்லி அப்படியில்லை. தரையில் விழுந்தது போலத் தொங்கும், தண்ணீர் கண்டதும் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அதனால் பலர் அது தொங்கும்வரை காத்திருப்பதையே முறையாக வைத்துக்கொள்கிறார்கள். அடிக்கடி செய்தால் மெல்லிய வேர்கள் சாகும், இலை நுனி கருகும். தொங்குவதற்கு முந்தைய நாள் இலைகளின் மினுமினுப்பு குறைந்து, காம்புகள் கொஞ்சம் சரியும். அந்த நேரம்தான் சரி.

ஒரு தடவைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை. செடி எதுவானாலும், கள்ளியானாலும், இதுதான் பதில். செடிக்குச் செடி மாற வேண்டியது இரண்டு தடவைகளுக்கு இடையிலான இடைவெளி. ‘கள்ளிக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும்’ என்பது செடியின் மேல்வேருக்கு மட்டும் தண்ணீர் காட்டிவிட்டு அடிவேரைப் பட்டினி போடுவது.

அளவுக் குவளையோடு தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஓர் உத்தேசக் கணக்கு உண்டு. காய்ந்த கலவைக்குத் தொட்டியின் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் தேவைப்படும். வாய் அகலம் 10 செமீ உள்ள தொட்டி அரை லிட்டர் கொள்ளும், அதற்கு 125 மிலி. 15 செமீ தொட்டி ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும், அதற்கு 400 மிலி. 20 செமீ தொட்டிக்கு ஒரு லிட்டர், 25 செமீ தொட்டிக்கு 2 லிட்டர் போலத் தேவைப்படும். தொட்டியின் உயரத்தையும் கலவையையும் பொறுத்து இது கூடும், குறையும். தட்டில் ஏதாவது வடிந்ததா என்று பார்ப்பதுதான் இறுதிச் சோதனை. ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு வடிந்தால் முழுத் தொட்டியும் நனைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். முதலில் பாதியை ஊற்றுங்கள், தொட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும்படி. 5 முதல் 10 நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். முதல் பாதி கலவையை இளக்கிவிடும், இரண்டாவது பாதி உள்ளே இறங்கும். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டியென்றால் பழைய துணியோ ஸ்பாஞ்சோ கொண்டு ஒற்றி எடுக்கலாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பாதுகாப்பானது இல்லையா?

இல்லை. இரண்டு தவறுகளும் ஒரே நேரத்தில் நடக்கும். மேல் மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் பூஞ்சையும் கொசு போன்ற சிறு ஈக்களும் வரும். கீழே வறண்டே கிடப்பதால் அடிவேர்கள் காயும். வடிந்து வெளியேறும் தண்ணீரே இல்லாததால் உரத்திலும் தண்ணீரிலும் உள்ள உப்பு தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

அதிகத் தண்ணீர் செடியை எப்படிக் கொல்கிறது?

வேர் மூச்சுவிட வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் உள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருக்கிறது, அதிலுள்ள ஆக்சிஜனைத்தான் வேர் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அந்த இடைவெளிகள் நிரம்பும், வடியும்போது புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். வடியாமல் நின்றாலோ, முழுக்க வடிந்து காற்று திரும்புவதற்குள் அடுத்த தடவை ஊற்றிவிட்டாலோ சிக்கல் தொடங்குகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சுத் திணறிய வேர்முனைகள் முதலில் சாகும். பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகள் நீர் நிறைந்த மண்ணில் பெருகி, செத்த வேரிலிருந்து நல்ல வேருக்குப் பரவும்.

இதிலிருந்து ஒன்று புரியும். நன்றாக வடியும் தொட்டியில் ஒரே நேரத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் செடி சாகாது, மிஞ்சியது ஓடிவிடும். செடியைச் சாகடிப்பது அடிக்கடி ஊற்றுவது. ‘அதிகத் தண்ணீர்’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான்.

செடி வாடியிருக்கிறது. தண்ணீர் குறைவா, அதிகமா?

இலையைப் பார்த்து மட்டும் சொல்வது கடினம், ஏனென்றால் இரண்டிலும் இலை தொங்கும். வேர் அழுகினால் சுற்றித் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது, அதனால் தாகத்தில் வாடுவது போலவே வாடும். இதைப் பார்த்துப் பதறி மேலும் ஊற்றுவதால்தான் காப்பாற்றக்கூடிய செடியும் போய்விடுகிறது. எனவே முதலில் மண்ணுக்குள் விரலை விடுங்கள். மண் காய்ந்து, தொட்டி எடையற்று, இலை மொரமொரப்பாகச் சுருண்டிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து, இலை மெத்தென்று தொங்கி, தண்டின் அடி இளகியிருந்தால் வேரில் கோளாறு. மண்ணில் புளித்த, சாக்கடை போன்ற வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது ஒரு சாத்தியமும் உண்டு. கடும் வெயில் ஜன்னலில் பட்டு, உச்சி நேரத்தில் மட்டும் தளர்ந்து, மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெப்பத்தின் வேலை. மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஜன்னலிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

இலை மஞ்சளாகிறது, நுனி பழுப்பாகிறது. இதற்கும் தண்ணீர்தான் காரணமா?

அடியில் உள்ள ஒன்றிரண்டு பழைய இலைகள் மெதுவாக மஞ்சளாகி உதிர்வது இயல்பு. ஒரே வாரத்தில் பல இலைகள், புது இலைகளும் சேர்ந்து மஞ்சளானால், மண்ணும் ஈரமாகவே இருந்தால், தண்ணீர் அதிகம். காய்ந்தே கிடந்த செடியிலும் அடி இலைகள் மஞ்சளாகும், ஆனால் அவை ஓரம் காய்ந்து உதிரும்.

நுனி பழுப்பாவது வேறு கணக்கு. தொட்டியில் உப்பு சேர்ந்திருப்பது, அடிக்கடி முழுக்கக் காயவிடுவது, தண்ணீரில் உள்ள ஃப்ளூரைடு ஆகியவை வழக்கமான காரணங்கள். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட், கலேத்தியா ஆகியவை ஃப்ளூரைடைத் தாங்காதவை. பழுத்த நுனி பச்சையாகத் திரும்பாது. வெட்டிவிடுவதானால் பழுப்பில் ஒரு மெல்லிய கோட்டை விட்டுவிட்டு வெட்டுங்கள். பச்சைத் திசுவைத் தொட்டால் அங்கிருந்து மறுபடி கருகும்.

காலையில் இலை நுனியில் தண்ணீர்த் துளி நிற்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுவதுண்டு. இரவில் வேர் தள்ளும் அழுத்தத்தால் மிகுந்த நீர் இலை ஓரத்தில் கசிகிறது, நோய் அல்ல. மான்ஸ்டெராவிலும் மணி பிளான்ட்டிலும் சகஜம்.

ஊற்றிய உடனே தண்ணீரெல்லாம் கீழே ஓடிவிடுகிறது. ஆனாலும் செடி வாடுகிறது. ஏன்?

கலவை மிகவும் காய்ந்து சுருங்கியிருக்கிறது. பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசித்தூள்) கலந்த கலவை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காமல் தள்ளும், கோகோபீட்டிலும் (தென்னை நார்த்தூள்) ஓரளவு இந்தச் சிக்கல் உண்டு. மண்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே தட்டுக்குப் போய்விடும். தட்டில் தண்ணீரைப் பார்த்துவிட்டு முழுக்க நனைந்துவிட்டது என்று நம்புவது எளிது. இங்கேயும் எடைதான் உண்மையைக் காட்டும். ஊற்றிய பிறகும் தொட்டி இலேசாக இருந்தால் உள்ளே எதுவும் போகவில்லை.

ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அதில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். மேல் மண் ஈரமாகித் தெரிந்ததும் எடுத்து வடியவிடுங்கள். அதற்கும் இளகாவிட்டால் மேல் மண்ணைக் குச்சியால் கிளறி, ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒருமுறை ஊற்றலாம். அடுத்த தடவை முதல் வெறும் தண்ணீர்.

வேர் தொட்டியை முழுக்க அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். மண்ணைவிட வேர் அதிகமாகத் தெரிந்தால், 2 முதல் 5 செமீ அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றும் காலம் வந்துவிட்டது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

வடியாது, இன்னும் மோசமாகும். நனைந்த ஸ்பாஞ்சைக் கையில் தூக்கிப் பிடித்தால் சொட்டி முடிந்த பிறகும் அதன் அடிப்பகுதியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிக் கலவையிலும் அடியில் அப்படி ஒரு நீர்ப்படலம் எப்போதும் நிற்கும். அதன் உயரம் கலவையின் தன்மையைப் பொறுத்தது. நுண்ணிய துகள் அதிகமானால் உயரமாகவும், பருமனான துகள் அதிகமானால் தாழ்வாகவும் இருக்கும். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய கல் இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஆகவே கல் போட்டால் அந்த ஈரப் படலம் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். அதே காரணத்தால் ஆழமற்ற அகலத் தொட்டியில் ஈரப்பகுதியின் பங்கு அதிகம், உயரமான தொட்டியில் குறைவு.

வடிகால் வேண்டுமென்றால் கலவையை மாற்றுங்கள். மணி பிளான்ட், மான்ஸ்டெரா வகைகளுக்கு கோகோபீட் இரண்டு பங்கு, பெர்லைட் (வெள்ளையான, இலேசான எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு நன்றாக வேலை செய்யும். ஜேட், கள்ளி போல நீரைச் சேமித்து வைக்கும் சக்குலன்ட்களுக்குக் கலவையில் பாதியாவது பெர்லைட், பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பருமணல் இருக்கட்டும். நுண்மணல் சேர்க்காதீர்கள், அது இடைவெளிகளை அடைத்துவிடும். துளை வழியாக மண் கொட்டுகிறது என்பதற்காகக் கல் போடுகிறவர்கள் ஒரு துண்டு வலையோ காகித வடிகட்டியோ போட்டால் போதும்.

துளை இல்லாத அழகுத் தொட்டியில் வளர்க்கலாமா?

செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியிலேயே விட்டு, அதை அப்படியே அழகுத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து, ஊற்றி, வடிந்ததும் திரும்ப வையுங்கள். நேரடியாகத் துளையில்லாத தொட்டியில் நட்டால் மிஞ்சிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, உப்பையும் அலசிவிட முடியாது. பீங்கானில் துளையிடக் கண்ணாடிக்கான டிரில் பிட் உண்டு. தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவான வேகத்தில் துளையிட்டால் பெரும்பாலும் விரிசல் விடாது.

சுடுமண் தொட்டியா, பிளாஸ்டிக்கா?

அடிக்கடி ஊற்றும் கை உங்களுடையது என்றால் சுடுமண், மறந்துவிடும் கை என்றால் பிளாஸ்டிக். சுடுமண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். மெருகு பூசிய பீங்கான், ஈரத்தைப் பொறுத்தவரை பிளாஸ்டிக் மாதிரிதான்.

எந்தத் தண்ணீர் நல்லது?

பெரும்பாலான செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். அறை வெப்பநிலையில் இருக்கட்டும். ஆப்பிரிக்க வயலெட் இலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெளிறிய வளையத் தழும்பு விழும், அது மறையாது.

‘ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் எல்லாம் போய்விடும்’ என்பது பாதிதான் சரி. திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் வெளியேறும். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் கலக்கும் குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது, ஃப்ளூரைடும் உப்பும் போகவே போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி அவற்றின் செறிவு கூடும்.

கடினநீர் என்றால் மண்ணின் மேலும் சுடுமண் தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் படிவு தோன்றும். மேல் மண்ணில் படிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். 15 செமீ தொட்டிக்கு 4 லிட்டர் போல. தட்டு இல்லாமல், குளியலறையில் வைத்துச் செய்வது எளிது. மழைநீர் கிடைத்தால் மிகச் சிறந்தது. ஆர்ஓ சுத்திகரித்த தண்ணீரும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரும் உப்பில்லாதவை, கலேத்தியா போன்றவற்றுக்கு உதவும். ஆனால் கால்சியமும் மெக்னீசியமும் அவற்றில் இல்லாததால் உரத்தின் வழியாகத் தர வேண்டும். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும், அதைத் தொட்டிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். உப்பைப் பயன்படுத்தி மென்மையாக்கிய தண்ணீரிலும் சோடியம் கூடியிருக்கும். அதையும் தவிருங்கள்.

ஈரம் காட்டும் மீட்டர் வாங்கலாமா?

மலிவான ஊசி மீட்டர்கள் மின்கடத்துத்திறனை வைத்து ஈரத்தை ஊகிக்கின்றன. உரம் போட்ட மண்ணில் உப்பு அதிகம், அதனால் ஈரம் கூடுதலாகக் காட்டும். மரப்பட்டையோ பெர்லைட்டோ அதிகமுள்ள கலவையில் ஊசிக்குத் தொடர்பு கிடைக்காமல் காய்ந்ததாகக் காட்டும். அதே பணத்துக்குச் சமையலறைத் தராசு மேல்.

இலைகளில் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடுமா?

சில நிமிடங்களுக்கு மட்டும். தண்ணீர் ஊற்றுவதற்கு அது மாற்றும் அல்ல. இலை இரவு முழுக்க நனைந்திருந்தால் புள்ளி நோய்களுக்கு வழியாகும். செடிகளைக் கூட்டமாக வைப்பது கொஞ்சம் உதவும், ஹியூமிடிஃபையர் நிஜமாகவே உதவும். இலைத் தூசியை ஈரத்துணியால் துடைப்பது எப்போதும் நல்லது.

காலையிலா மாலையிலா?

காலை நல்லது. மாலையில் மண்ணில் மட்டும் படும்படி ஊற்றினாலும் கெடுதல் இல்லை.

தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடலாமா?

செய்யலாம். இலைகள் மண்ணை மூடியிருக்கும் வயலெட் போன்றவற்றுக்கு வசதியான முறை. 20 முதல் 30 நிமிடத்தில் உறிஞ்சியது போதும், மீதியைக் கொட்டிவிடுங்கள். கீழிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு மேலேறித் தங்கும். அதனால் மாதம் ஒருமுறையாவது மேலிருந்து ஊற்றி அலசுங்கள்.

மண்ணிலிருந்து சிறு கருப்பு ஈக்கள் பறக்கின்றன. என்ன செய்வது?

ஃபங்கஸ் நாட் என்ற ஈக்கள். ஈரமான மேல் மண்ணில் முட்டையிடும். புழுக்கள் பெரும்பாலும் மேலே 2 முதல் 5 செமீக்குள்தான் வாழும். மேல் மண்ணை 3 முதல் 5 செமீ காயவிட்டாலே பெரும்பகுதி சாகும். பறப்பவற்றை மஞ்சள் ஒட்டும் அட்டை பிடிக்கும். முட்டையிலிருந்து ஈயாக மாற 3 முதல் 4 வாரம் ஆவதால், ஒரு வாரத்தில் ஒழியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரணி போலக் காயவிட முடியாத செடிக்கு பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை மூன்று நான்கு தடவை ஊற்றலாம். அது புழுவைத்தான் கொல்லும், பறக்கும் ஈயை அல்ல. ஆகவே அட்டையும் சேர்ந்து இருக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய அல்லது தொட்டி மாற்றிய செடிக்கு வேறு கணக்கா?

ஆமாம். நர்சரியில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த செடி வீட்டுக்குள் வந்ததும் குடிப்பது சட்டென்று குறையும். முதல் மாதம் கூடுதல் கவனத்தோடு தொட்டுப் பாருங்கள். தொட்டி மாற்றியதும் ஒருமுறை நன்றாக ஊற்றிக் கலவையைப் படியவிடுங்கள், சக்குலன்ட் என்றால் மட்டும் வெட்டுப்பட்ட வேர் ஆற ஒரு வாரம் விட்டு ஊற்றுங்கள். அதன் பிறகு பழைய இடைவெளியை நம்ப வேண்டாம். வேர் எட்டாத புதுக் கலவை நீண்ட நாள் ஈரமாகவே இருக்கும். சிறு செடியைப் ‘பிற்பாடு வளரட்டும்’ என்று பெரிய தொட்டியில் வைப்பது வேரழுகலுக்கு நேர்வழி.

வேர் அழுகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

வெள்ளையாக, விறைப்பாகக் கொஞ்சம் வேர் மிஞ்சியிருந்தாலும் முயலலாம். செடியை வெளியே எடுத்து, பழைய கலவையை உதறி, வேரைக் குழாயடியில் கழுவுங்கள். அழுகிய வேர் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் போல ஒன்று மட்டும் நிற்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். டிரசீனா, ஸ்னேக் பிளான்ட் ஆகியவற்றின் நல்ல வேரும் கிழங்கும் இயல்பிலேயே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். அழுத்திப் பார்த்து இளகியதை மட்டும், 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால், நல்ல திசு தெரியும்வரை வெட்டுங்கள்.

மிஞ்சிய வேர்க்கட்டிக்குப் பொருந்தும் சிறு தொட்டியில், பெர்லைட் கூடுதலான புதுக் கலவையில் நடுங்கள். பழைய கலவையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பழைய தொட்டியையே பயன்படுத்துவதானால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இலேசாக ஊற்றி, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம், உறிஞ்ச வேரில்லாத செடிக்கு உரம் உப்பாகவே சேரும். நல்ல வேரே மிஞ்சவில்லையென்றால் மேலே உள்ள ஆரோக்கியமான தண்டைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வையுங்கள். மணி பிளான்ட்டும் ஃபிலோடென்ட்ரானும் சில வாரங்களில் வேர் விடும்.

ஆர்க்கிட்டுக்கும் இதே முறையா?

கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் மரப்பட்டைத் துண்டுகளில் வளர்வது. அதன் வேரே சொல்லிவிடும். வெள்ளிச் சாம்பல் நிறமென்றால் காய்ந்திருக்கிறது, பச்சையென்றால் ஈரம் இருக்கிறது. ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் வைப்பது இதைப் பார்க்கத்தான். வெளுத்ததும் தொட்டியோடு 10 முதல் 15 நிமிடம் தண்ணீரில் வைத்து, முழுக்க வடியவிடுங்கள். இலைகளுக்கு நடுவே குருத்தில் தண்ணீர் தேங்கினால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், குருத்து அழுகினால் செடி பெரும்பாலும் போய்விடும்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது?

ஒரு வாரம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். கிளம்பும் அன்று காய்ந்த தொட்டிகளுக்கு நன்றாக ஊற்றி, தட்டுகளைக் காலி செய்து, ஜன்னலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் குடிப்பதும் குறையும். தட்டு நிறையத் தண்ணீர் விட்டுப் போவது மட்டும் கூடாது. சக்குலன்ட்களுக்கும் ஸீஸீ பிளான்ட்டுக்கும் மூன்று வாரம் போனாலும் கவலையில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் திரி வைக்கலாம். 5 மிமீ தடிமனுள்ள நைலான் அல்லது பாலியெஸ்டர் பின்னல் கயிறு நல்லது. பருத்தியும் உறிஞ்சும், ஆனால் சில மாதங்களில் மக்கிவிடும். கயிற்றை முதலில் நனையுங்கள். ஒரு முனையை மண்ணுக்குள் 5 முதல் 8 செமீ செருகி, மறு முனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் அடிவரை விடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் மட்டம் தொட்டி மண்ணின் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் நுண்துளை உறிஞ்சலோடு ஈர்ப்பு விசையும் சேர்ந்து, பாத்திரம் ஓரிரு நாளிலேயே தொட்டிக்குள் காலியாகிவிடும். மண் முன்கூட்டியே ஈரமாக இருந்தால்தான் திரி வேலை செய்யும், காய்ந்த மண் உறிஞ்சாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அமைத்துப் பார்த்தால், நாளொன்றுக்குப் பாத்திரத்தில் எத்தனை மிலி குறைகிறது என்பது தெரியும். அதை நாட்களால் பெருக்கி, ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

பெரணிகளுக்கும் ஃபிட்டோனியாவுக்கும் திரியைவிட எளிதான வழி உண்டு. ஊற்றி வடிந்ததும் மூன்று குச்சிகள் நட்டு, ஒளி புகும் பிளாஸ்டிக் பையால் இலையில் படாமல் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். திரும்பி வந்ததும் பையை ஒரேயடியாக உருவாமல், இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். திடீரென்று வறண்ட காற்று பட்டால் இலை ஓரம் கருகும்.